விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம்: பனியன் ஊர்க்காரியின் ரிவ்யூ

இங்கிலாந்துக்கு டெக்ஸ்டைலோ ஃபேஷனோ படிக்கப் போகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு லண்டனில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் லண்டன் ஐ ராட்டினம் வேண்டாம், மெழுகு பொம்மை வேண்டாம், சவுத் கென்சிங்டனில் இருக்கிற விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போங்கள். உள்ளே போகக் காசு இல்லை. அதற்காகச் சொல்லவில்லை. நூல், சாயம், தையல் என்று பேச்சு நடக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அங்கே தெரிகிற விஷயம் வேறு யாருக்கும் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

நான் திருப்பூர். அப்பா பி.என். ரோட்டுப் பக்கம் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். 2024 செப்டம்பரில் லீட்ஸுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போய், முடித்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், ஜூனியர்கள், அப்பாவின் பழக்கத்தில் மகளை அனுப்பப் போகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஃபீஸ் எவ்வளவு, பார்ட் டைம் கிடைக்குமா, குளிர் தாங்குமா என்பதுதான். அங்கே என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கோவையில் நான் படித்த காலேஜில் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று பெயர் போட்டுக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் படகு விட்டுத் திரும்பினார்கள், பெற்றோரிடம் வாங்கிய கையெழுத்தில் ஸ்பின்னிங் மில் என்று எழுதியிருந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்துவிட்டு வெளிநாட்டுக்குப் போனால் மியூசியம் என்பது மழை வந்தால் ஒதுங்குகிற இடமாகத்தான் தோன்றும். எனக்கு அங்கே போகச் சொன்னது கிளாஸ் எடுத்த பேராசிரியர், அசைன்மென்ட்டுக்காக. மார்க் வருமே என்றுதான் முதலில் கிளம்பினேன்.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். லீட்ஸிலிருந்து ரயில் வேகம், ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தால் டிக்கெட் விலை தலையைச் சுற்றும். முன்பே எடுத்து ரயில்கார்டும் வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். நான் பெரும்பாலும் கோச் பஸ்தான். எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை, ஒருமுறை நடுவழியில் ஏசி இல்லை, ஹீட்டரும் இல்லை, டிரைவருக்குப் பதில் சொல்லவும் விருப்பமில்லை. விக்டோரியாவில் இறங்கினால் டிஸ்ட்ரிக்ட் லைனிலோ சர்க்கிள் லைனிலோ இரண்டாவது ஸ்டேஷன் சவுத் கென்சிங்டன். ஸ்டேஷனிலிருந்து தரைக்கு அடியிலேயே ஒரு நடைபாதை மியூசியம் வரைக்கும் போகிறது, மழையில் நனைய வேண்டாம். அதே வழியில்தான் சயின்ஸ் மியூசியமும் டைனோசர் இருக்கிற நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும். மூன்றுக்கும் ஒரே நாளில் போகலாம் என்று யாராவது பிளான் போட்டுத் தந்தால் நம்பாதீர்கள், கால் கழன்றுவிடும்.

இந்த மியூசியம் 1852ல் தொடங்கியது. அரசர்களின் நகையைக் காட்டுவதற்காகத் தொடங்கியதல்ல, இங்கிலாந்தின் பட்டறைக்காரர்களும் டிசைன் படிக்கிறவர்களும் நல்ல பொருளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று தொடங்கியது. விக்டோரியா, ஆல்பர்ட் பெயரெல்லாம் 1899ல் வைத்தது. இப்போது 28 லட்சத்துக்கு மேல் பொருட்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற விதமே மாறிவிடும்: அங்கே இருக்கிற துணிகளில் பல, உற்பத்தியாளர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்த சேம்பிள்.

நான் போன குளிர்காலத்தில் முகலாயர் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அக்பர், ஜஹாங்கீர், ஷாஜகான் மூன்று பேர் காலத்துக் கலை, 2024 நவம்பர் முதல் 2025 மே வரை. பொதுக் கூடங்கள் இலவசம், இந்த மாதிரி சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் காசு. முழு டிக்கெட் இருபது பவுண்டைத் தாண்டும், மாணவர்களுக்குக் குறைவு. ஒரு வாரத்து மளிகைக் காசு போகிறதே என்று வயிற்றெரிச்சலோடுதான் எடுத்தேன்.

ஓவியம், வாள், மரகதம் எல்லாம் இருந்தது, கூட்டம் அங்கேதான். ஷாஜகானின் வெள்ளை ஜேட் கல் கிண்ணம் ஒன்று, 1657ல் செய்தது, ஒரு முனை ஆட்டின் தலையாக வளைந்து அடியில் தாமரை இதழ் விரிந்திருக்கும், கையில் ஏந்துகிற அளவுதான். அதைச் சுற்றி மூன்று வரிசை ஆட்கள். நான் அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோட்டின் முன்னால் போய் நின்றேன், அங்கிருந்து நகரவே மனசில்லை.

வெள்ளை சாட்டின் துணி. 1620, 1630 வாக்கில் தைத்த வேட்டைக் கோட்டு. அதன் மேல் முழுக்க பட்டு நூலில் எம்பிராய்டரி, செடி, பூ, மரம், மிருகம், பறவை, துணி தெரிவது இடைவெளியில்தான். எல்லாமே சங்கிலித் தையல். எங்கள் யூனிட்டில் ஓடுகிற மல்டி ஹெட் மெஷின் போடுவது லாக் ஸ்டிட்ச், மேலே ஒரு நூல் கீழே பாபின் நூல், இரண்டும் துணிக்குள் கோர்த்துக்கொள்ளும். சங்கிலித் தையலில் ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம், ஒரு இடத்தில் விட்டால் கடகடவென்று பிரிந்துவிடும். நம்ம ஊரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி ஒர்க் போடுகிறார்களே, அதே தையல்தான். ஆனால் ரவிக்கையில் வளையம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கோட்டில் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றும் எனக்கு ஒரு வளையத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு இலைக்குள்ளேயே பச்சை மூன்று நான்கு விதமாக மாறுகிறது, நுனி லேசாக மஞ்சள் தட்டுகிறது. நூல் மாற்றின இடம் எது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம்ம பக்கம் கலர் சேஞ்ச் வந்தால் இடையில் தாண்டி ஓடுகிற நூலை (ஜம்ப் ஸ்டிட்ச்) வெட்டி ட்ரிம் பண்ணி செக்கிங்கில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு வீடியோ கால். மியூசியத்தின் இணையதளத்தில் அந்தக் கோட்டின் படம் பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, லிங்க் அனுப்பிவிட்டுப் பேசினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு,

"ஏ அம்மிணி, இதுல எத்தன ஸ்டிட்ச் இருக்கும்?" என்றார்.

"தெரியலீங்கப்பா. கையில போட்டதுங்க."

"ஆயிரம் ஸ்டிட்ச்சுக்கு இன்ன ரேட்டுன்னு பில் போட்டிருந்தா ஜஹாங்கீரே கடன்காரனாயிருப்பான்."

அதற்குள் அம்மா பின்னாலிருந்து, "கோட்டு இருக்கட்டும் கண்ணு, சோறு உண்டாச்சா?" மறுநாள் அந்தப் படம் யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி, டிசைனை மெஷினுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் மாற்றுகிற (பஞ்ச் பண்ணுகிற) அண்ணன் அந்தப் பூவில் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறார். லாக் ஸ்டிட்ச்சில் அது பூ மாதிரி வரவில்லையாம், ஸ்டிக்கர் மாதிரி வந்ததாம்.

இந்தக் கண்காட்சி முடிந்துபோனது, இனிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அதனால் எப்போதும் இருக்கிறதைச் சொல்கிறேன். அந்தக் கோட்டேகூட மியூசியத்தின் சொந்தப் பொருள்தான், அதனால் வேறொரு சமயம் வெளியே வரலாம்.

தெற்காசியக் கூடத்தில் திப்புவின் புலி. ஒரு புலி வெள்ளைக்காரச் சிப்பாய் மேல் ஏறிக் கழுத்தைக் கவ்வுகிற மரச் சிற்பம், கிட்டத்தட்ட ஆள் அளவு. உள்ளே துருத்தியும் குழாய்களும் இருக்கின்றன. கைப்பிடியைச் சுற்றினால் சிப்பாயின் கை மேலும் கீழும் ஆடும், அவன் அலறுவான், புலி உறுமும். புலியின் விலாவில் ஒரு மூடியைத் திறந்தால் வாசிக்கிற மாதிரி கட்டைகள். 1799ல் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு செத்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் லண்டனுக்கு எடுத்துப்போய்த் தங்கள் ஆபீஸிலேயே காட்சிக்கு வைத்தார்கள். அங்கே நூலகத்தில் படிக்க வந்தவர்களுக்குப் பெரிய தொல்லையாம், வருகிறவனெல்லாம் கைப்பிடியைச் சுற்றிவிட்டுப் போவான். பிறகு இந்த மியூசியத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கூரை சரிந்து புலி துண்டு துண்டாக உடைந்து, ஒட்ட வைத்திருக்கிறார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், யாரும் சுற்ற முடியாது. சத்தம் கேட்க வேண்டுமென்றால் மியூசியம் போட்டிருக்கிற வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கிறது, சிப்பாயின் முகம் பொம்மை முகம். ஆனால் கொங்கு நாட்டுக்காரியாக நின்று பார்க்கும்போது அது வேறு கணக்கு. 1799க்கு முன்னால் நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் மைசூர் ஆட்சி. திப்பு பக்கம் நின்று சண்டை போட்ட தீரன் சின்னமலை, திப்பு போன பிறகும் ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு எதிர்த்து நின்றார், 1805ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். ஈரோட்டிலிருந்து சேலம் போகிற ரயிலில் சங்ககிரி வந்தால் மலையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லாத பெரியவர்கள் உண்டா? அந்தக் கதையின் முதல் பாதி லண்டனில் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்ற சீனாக்காரத் தோழியிடம் சின்னமலையைப் பற்றிச் சொன்னேன், அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருடைய பொருள் எது இங்கே இருக்கிறது என்று கேட்டாள். இல்லை என்றேன். தோற்றவர்களில் ராஜாவாக இருந்தவனின் சாமானைத்தான் கொள்ளையடித்துக் கொண்டுபோவார்கள், பாளையக்காரன் வீட்டில் எடுக்க என்ன இருந்திருக்கும்.

(தெற்காசியக் கூடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். போகிற சமயத்தில் திறந்திருக்கிறதா, புலி எங்கே இருக்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.)

அடுத்தது கம்பளம். பவானி ஜமக்காளத்தில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட எல்லோரும் அர்தபீல் கம்பளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஈரானில் 1539, 1540 வாக்கில் நெய்தது, அந்தத் தேதி கம்பளத்திலேயே நெய்திருக்கிறது. பத்து மீட்டருக்கு மேல் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. 1893ல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். தரையில் விரித்துச் சுற்றிலும் கண்ணாடி. சாயம் வெளுத்துவிடக் கூடாது என்று அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம்தான் விளக்கு. மீதி நேரம் இருட்டில் கிடக்கும். இது தெரியாமல் வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடுகிறார்கள். மணி அடிக்கிற நேரத்துக்கோ அரை மணிக்கோ சரியாகப் போய் நில்லுங்கள். விளக்கு வந்ததும் நடுவில் இருக்கிற மஞ்சள் வட்டம் எழும்பி வருகிற மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் தொங்குகிற விளக்கு டிசைன் ஒன்று சின்னது ஒன்று பெரியது, ஏன் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பவானியில் ஜமக்காளம் முடிச்சு இல்லாதது, தடித்த நூலில் பட்டை பட்டையாக வருவது, இரண்டையும் ஒப்பிடவே கூடாது. நான் சொல்ல வருவது விளக்கைப் பற்றி. ஒரு துணியைக் காப்பாற்றுவதற்காக, வருகிற கூட்டத்தை இருட்டில் காக்க வைக்கிறார்கள், யாரும் சண்டைக்குப் போவதில்லை.

பிரிட்டிஷ் கூடங்களில் ஒரு கட்டில் இருக்கிறது, அங்கே யாரும் நிற்பதில்லை, நீங்கள் நில்லுங்கள். டேவிட் கேரிக் என்ற நாடக நடிகரின் கட்டில். அதற்குத் திரைச்சீலையாக மசூலிப்பட்டினத்துச் சீட்டித் துணி, கையால் வரைந்து சாயம் ஏற்றியது, கல்கத்தாவில் இருந்த வியாபாரிகள் அவருடைய மனைவிக்கு அனுப்பிய பரிசு. துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் முதலில் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஏன் என்றால் இந்திய அச்சுத்துணி இங்கிலாந்துக்குள் வரக் கூடாது. 1700ல் ஒரு சட்டம் போட்டு இறக்குமதியைத் தடுத்தார்கள். வெள்ளைத் துணியாக இறக்கி அங்கேயே அச்சடித்து விற்றார்கள், அதையும் நிறுத்த 1721ல் இன்னொரு சட்டம், உடுத்தவே கூடாது என்று. நடுவில் 1719ல் லண்டன் நெசவாளர்கள் சீட்டி உடுத்திப் போன பெண்களைத் தெருவிலேயே மறித்துத் துணியைக் கிழித்திருக்கிறார்கள். பிழைப்பு போகிற ஆத்திரம்.

நான் ஊருக்குத் திரும்புகிற சமயத்தில், 2025 ஆகஸ்டில், அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் அப்போது பேச்சே அதுதான், ஷிப்மென்ட் நிற்கிறது, பையர் டிஸ்கவுண்ட் கேட்கிறான், ஆர்டர் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் போகிறது என்று. டீக்கடையில் ஒரு மாமா, "இந்த மாதிரி கொடுமை ஒலகத்துல எங்கயும் நடந்ததில்ல" என்றார். எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. "நடந்திருக்குதுங்க மாமா, முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே நம்ம துணிக்குத் தடையே போட்டிருக்கறாங்க" என்றேன். "அப்ப என்ன பண்ணுனாங்களாம்?" என்றார். தடையை மீறித் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தார்கள் என்பதுதான் உண்மை, கேரிக் வீட்டுக்கு வந்த மாதிரி. அதை ஏற்றுமதி செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, பிடிக்காததும் சொல்ல வேண்டும். இந்தியத் துணி என்று நீங்கள் கற்பனை பண்ணிக்கொண்டு போகிற அளவுக்கு வெளியே இருக்காது. ஒளி பட்டால் கெட்டுப்போகும் என்பதால் துணிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள், பெரும்பகுதி கிடங்கில். கட்டடம் ஒரு பெரிய வீட்டில் அறை மேல் அறையாகச் சேர்த்துக்கொண்டே போன மாதிரி, மேப் இல்லாமல் போனால் வெள்ளிப் பாத்திரத்துக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். சாப்பாட்டு அறை மூன்றும் ஓடு பதித்துக் கண்ணைப் பறிக்கும், போய் உட்கார்ந்து பாருங்கள், ஆனால் மாணவர் பட்ஜெட்டுக்கு ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்து நிமிஷம் நடந்தால் ஹைட் பார்க், டப்பாவில் தயிர்சாதம் எடுத்துப்போனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் டப்பாவை மட்டும் இறுக்கி மூடுங்கள்.

காட்சியில் இல்லாத ஒன்றைப் பற்றி லெக்சரில் கேட்டதுதான் என்னைக் கிடங்குப் பக்கம் இழுத்தது. 1866ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளின் துண்டுகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். 700 துண்டுகள், வேட்டி, சேலை, தலைப்பாகை, லுங்கி எல்லாம், ஒவ்வொன்றுக்கும் நீளம் அகலம் எடை, எந்த ஊர் என்ற விவரத்தோடு. இப்படி 20 செட். பதின்மூன்று இங்கிலாந்தில், ஏழு இந்தியாவுக்கு. எதற்கு என்றால், இங்கிலாந்தின் லங்காஷயர் மில்காரன் இந்தியாவுக்கு வராமலேயே இங்கே மக்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று தொட்டுப் பார்த்து அதே மாதிரி மில்லில் நெய்து நமக்கே விற்க. திருப்பூரில் பையரோடு ஆர்டர் பேசுகிற எந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், இது சுத்தமான ஸ்வாட்ச் ஃபைல், அதாவது சேம்பிள் துண்டு ஒட்டி வைக்கிற கோப்பு. பையர் நமக்குச் சேம்பிள் அனுப்பி இதே மாதிரி வேண்டும் என்கிறான், அப்போது நம்மிடம் சேம்பிள் எடுத்து அவன் காப்பி அடித்தான். அந்தப் பதினெட்டுத் தொகுதியில் ஒரு செட் இந்த மியூசியத்தின் வசம்.

இனிச் சொல்லப் போவதுதான் இந்த ரிவ்யூவை எழுத வைத்தது. 2025 மே 31ல் கிழக்கு லண்டனில், ஒலிம்பிக் பார்க்கில், வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் (வி அண்ட் ஏ என்பது இந்த மியூசியத்தின் சுருக்கப் பெயர்) என்று கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2012 ஒலிம்பிக்குக்காகப் பத்திரிகைக்காரர்களுக்குக் கட்டிய கட்டடம். ஹாக்னி விக் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். இதுவும் இலவசம். இரண்டரை லட்சம் பொருட்களுக்கு மேல், ரேக் ரேக்காக, லேபிள்கூடப் பெரிதாக இல்லாமல். ஆக்ரா கோட்டைக் குளியலறையிலிருந்து பெயர்த்து எடுத்த பளிங்குத் தூண்கள் ஒரு பக்கம், பிக்காசோவின் பிரமாண்ட நாடகத் திரை ஒரு பக்கம். கோடவுன் வாசம் பழக்கமான நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், ஆனால் இந்தக் கோடவுனில் எலி கிடையாது.

விஷயம் அதுவல்ல. எந்தப் பொருளையும் நீங்கள் ஆர்டர் பண்ணிப் பார்க்கலாம். ஆய்வாளர் என்று கடிதம் வேண்டாம், பேராசிரியர் கையெழுத்து வேண்டாம். இணையதளத்தில் தேடி, ஐந்து பொருள் வரைக்கும் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்தால், அவர்கள் மேசையில் எடுத்து வைத்துக் காட்டுவார்கள். காசு வாங்குவதில்லை.

நான் கேட்டதில் ஒன்று மெட்ராஸ் மஸ்லின் என்கிற மெல்லிய பருத்தித் துணி, 19ம் நூற்றாண்டு, பொன்வண்டு இறக்கை வைத்துத் தைத்தது. நம்ம காட்டுப் பக்கம் வேலாமரத்தில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வைத்து, வேலாங்கொழுந்து போட்டு, முட்டை விடுகிறதா என்று மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தவர்கள் கொங்கு நாட்டில் எத்தனை பேர்! அந்தப் பூச்சியின் மேல் ஓடுதான். அதை இலை வடிவத்தில் வெட்டி, நுனியில் ஊசி போகிற அளவு துளை போட்டு, மெல்லிய மஸ்லினில் ஜரிகை நூலால் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். துணி பழுத்து மஞ்சளாகிவிட்டது. ஜரிகை கறுத்திருக்கிறது. இறக்கை மட்டும் நேற்றுப் பிடித்த மாதிரி பச்சை, தலையை லேசாகச் சாய்த்தால் நீலம், இன்னும் சாய்த்தால் செம்பு நிறம்.

காரணம் நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். அந்தப் பச்சையில் சாயமே கிடையாது. ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது வருகிற நிறம், அடுக்கு இருக்கிற வரைக்கும் நிறம் இருக்கும், வெளுக்க அதில் ஒன்றும் இல்லை. துவைத்தாலும் வெளிச்சம் பட்டாலும் சாயம் போகாது என்று காட்ட வாஷ் ஃபாஸ்ட்னெஸ், லைட் ஃபாஸ்ட்னெஸ் என்று லேப் ரிப்போர்ட்டுக்கு அலைகிறோம், சாயக் கழிவில் நொய்யலையே நிறம் மாற்றினோம், இங்கே ஒரு வண்டு சாயமே இல்லாமல் நூற்றைம்பது வருஷம் நிறம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பாதி, துளைகளைத்தான் பார்த்தேன். எந்த ஓடும் துளையிலிருந்து விரிசல் விடவில்லை, அது எப்படி?

அந்தக் கேள்வியை ஊருக்கு வந்ததும் எங்கள் யூனிட்டில் முதலில் கேட்டது பீட்ஸ் ஒர்க் பார்க்கிற அக்கா. டீ டைமில் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "காஞ்ச ஓடு பாப்பா, ஊசி எறக்குனா ஒடையாதா?" என்றார். ஆவியில் காட்டி இளக்கிக்கொண்டுதான் வெட்டுவதும் துளைப்பதுமாம் என்று படித்ததைச் சொன்னேன். "அப்ப இட்லிக் குண்டாவுல வெச்சிருப்பாங்க" என்று முடித்துவிட்டார். லீட்ஸில் என் கூடப் படித்த யாரும் அந்தத் துளையைப் பற்றிக் கேட்கவில்லை, எல்லோரும் நிறத்தைத்தான் சொன்னார்கள். சவுத் கென்சிங்டனுக்கு ஒரு நாள் கொடுங்கள், ஆனால் ஸ்டோர்ஹவுஸுக்கு ஒரு வேலையோடு போங்கள், உங்கள் வீட்டுத் தொழில் எதுவோ அதற்குச் சம்பந்தப்பட்ட பொருளைத் தேடி ஆர்டர் பண்ணிவிட்டுப் போங்கள். தறி வீடு என்றால் கரை, சாயப்பட்டறை என்றால் அவுரி, நகைப் பட்டறை என்றால் நகை.

லண்டன் போக முடியாதவர்கள் மியூசியத்தின் தளத்தில் மெட்ராஸ், மைசூர், சேலம் என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடிப் பார்க்கலாம், சாயங்காலம் முழுக்கப் போய்விடும். கோவை அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரியும் டெக்ஸ்டைல் மியூசியமும் இருக்கிறது, துணி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவரின் பெயரில். விமானம் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய், ராட்டை, தறி எல்லாம் பார்த்துவிட்டுப் போனால் லண்டனில் பார்ப்பது இன்னும் நன்றாகப் பிடிபடும்.

செப்டம்பரில் போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். சவுத் கென்சிங்டனில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும், மற்ற நாள் ஐந்தே முக்காலுக்கு மூடிவிடுவார்கள், அதனால் வெள்ளிக்கிழமை கிளாஸ் முடித்துக் கிளம்பினாலும் ஓரளவு பார்த்துவிடலாம். டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் லீவில்தானே போகப் போகிறீர்கள், அந்த மூன்று நாளை விட்டுவிட்டு பஸ் டிக்கெட் எடுங்கள்.